உப்பு கொப்பளித்த வாய்

கன்றுக்குட்டி புகார் எழுதிப் போடாது. அதனால்தான் அவள் அந்த வேலையை அவ்வளவு பயந்து பயந்து செய்தாள். பால் பிடிக்காவிட்டால் வாளியை முட்டித் தள்ளும், வயிறு கெட்டால் மூலையில் சுருண்டு படுக்கும், அவ்வளவுதான். அதற்காக முன்கூட்டியே வாயைத் திறக்க வேண்டியவள் அவள். தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கன்றுகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் பால்பொடியைச் செய்கிற அந்த ஆலையில், பதினோரு வருடமாகச் சோதனை அறை அவள் பொறுப்பு. உள்ளே வரும் ஒவ்வொரு மூட்டையையும் கரைத்து, முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்ப்பாள். எல்லோருக்கும் அவள் ருசிக்காரி.

கொழுப்பு நீக்கிய பால்பொடி, எண்ணெய் ஏற்றிய பொடி, சோயா மாவு, கைப்பிடி அளவு சத்துத்தூள். இவற்றோடு எல்லாவற்றையும்விட அதிகமாகச் சேர்வது, சீஸ் பிரித்தபின் மிஞ்சும் தண்ணீரைக் காய்ச்சி உலர்த்திய பொடி. மூட்டையில் வே பவுடர் என்று அச்சிட்டிருக்கும். ஆலையில் எல்லோருக்கும் அது தண்ணிப்பொடி.

வழக்கமாகத் தண்ணிப்பொடி அனுப்பிய இடம் சென்ற மாதம் கைவிரித்துவிட்டது. மேனேஜர் மூன்று முகவரிகளை மேசையில் போட்டு, "நீங்களே பார்த்துச் சொல்லுங்கம்மா" என்றார். பதினோரு வருடத்தில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் "நீங்க சொன்னா சரி சார்" என்றுதான் சொல்லியிருப்பாள்.

இந்தத் தடவை மூன்று இடங்களுக்கும் போய் வந்தாள். பேருந்துப் பணிமனைக்குப் பின்னாலிருந்த சின்ன சீஸ் ஆலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தொட்டியைக் கழுவுகிறவன், யாரும் பார்க்காதபோதும் அடியைத் தேய்த்துக் கழுவினான். அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். உப்புப் போடுவதற்கு முன்னால் வடிகிற தண்ணீர் மட்டும் வேண்டும். உப்புப் போட்டு அழுத்தும்போது வடிகிறது வேண்டாம், கன்றுக்கு ஆகாது. தலையாட்டினார்கள். திரும்பி வந்து 'இங்கேயே எடுக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகு அந்தத் தாளை இரண்டு முறை எடுத்துப் பார்த்தாள். அது தன் கையெழுத்துத்தான் என்பதில் சந்தேகம் இருந்ததைப் போல.

இன்று காலை முதல் லோடு வந்தது. நாற்பது மூட்டை. உப்பு அளக்கும் கருவி பழுது பார்க்கப் போய்ப் பத்து நாளாகிறது. "அது எதுக்கு, உங்க நாக்கு இருக்கே" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நாக்கும் சரி என்றது. இனிப்பு, சுத்தம், உப்பு துளியும் இல்லை. மூட்டைகள் கலவை அறைக்குப் போயின.

பத்தரை மணிக்குத் தேநீர். மூட்டை தைக்கும் மெஷினில் இருப்பவள் அவளுடைய நாத்தனார். வீட்டிலும் அவள், இங்கேயும் அவள்.

"பல்லு எப்படி அண்ணி இருக்கு? ராத்திரி பூரா முனகினீங்களாமே, அண்ணன் சொல்லுச்சு."

"பரவால்ல. காலைலேர்ந்து மூணு தடவ உப்புத் தண்ணி கொப்பளிச்சேன்."

சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. டம்ளர் பாதி வழியில் நின்றது.

உப்புக் கரைசலில் ஊறிய நாக்கு உப்பை எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஒருவேளை பொடி நன்றாகவே இருக்கலாம். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் எவ்வளவு மரியாதையாக, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்கிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தான் எதற்குப் பயப்படுகிறோம்? கன்றுக்கா? இல்லை, 'ஒரே ஒரு தடவ வாயத் திறந்தா, அதுவும் இப்படி' என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்பதற்கா? இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. அது தெரிந்ததும் வெட்கம் வந்தது. எழுந்து ஓடினாள்.

கலவைக்காரர் மற்றவற்றையெல்லாம் தொட்டியில் கொட்டிவிட்டு, முதல் தண்ணிப்பொடி மூட்டையில் கத்தியை வைத்திருந்தார்.

"அண்ணே, நிறுத்துங்க!"

"என்னம்மா, எலியா?"

"என் வாய்ண்ணே!"

"வாயில எலியா?"

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். அவர் கத்தியை மடக்கினார். "சரி, இப்ப ருசி பாத்துட்டாப் போச்சு. நான் பாக்கறேன்." பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டார். "ஆனா இப்பத்தான் இஞ்சி மிட்டாய் போட்டேன்."

"நான் மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ குடிச்சேன்" என்றாள் பின்னாலேயே வந்த நாத்தனார்.

ஆக, ஆலையில் உருப்படியான வாய் ஒன்றுகூட இல்லை. மூவரும் வெந்நீரில் வாய் கொப்பளித்தார்கள். "அரை மணி நேரம் யாரும் வாயத் திறக்கக் கூடாது" என்று நாத்தனார் சட்டம் போட்டாள். பேச்சுக்கும் ருசிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல ருசிக்காரிக்கு ஆசைதான். ஆனால் நாத்தனார் சும்மா இருக்கும் அரை மணி நேரத்தை யார் கெடுப்பார்கள்?

மேனேஜர் வந்தார். "மெஷின் ஏன் நிக்குது?"

கலவைக்காரர் கூரையைப் பார்த்தார். நாத்தனார் உதட்டைக் காட்டிக் கையை ஆட்டினாள்.

"என்னாச்சு எல்லாருக்கும்? இந்தச் சரக்க எடுக்கச் சொன்னது யாரு?"

'நீங்க சொன்னதுதானே சார்' என்று பழையபடி நழுவும் பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"நான்தான் சார். காலைல நான் பார்த்த ருசியும் செல்லாது. உப்புத் தண்ணி கொப்பளிச்சிருந்தேன். மறுபடி பார்க்கிறோம்."

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நாற்பது மூட்டை, நாற்பது கிண்ணம். ஒவ்வொன்றையும் அவள் முதலில் சுவைத்தாள், பின் மற்ற இருவரும். பதினேழாவது கிண்ணத்தில் மூவரும் ஒன்றாக முகத்தைச் சுளித்தார்கள். உப்பு. ஆனால் அடுத்தது இனிப்பு, அதற்கடுத்ததும் இனிப்பு. முடிவில் முப்பத்து நான்கு நல்லது, ஆறு உப்பு.

நாத்தனார் அந்த ஆறையும் புரட்டிப் பார்த்தாள். "அண்ணி, இத தச்ச கை வேற. பாருங்க, தையல் நெருக்கமா, நுனில ரெண்டு முடிச்சு. மத்ததெல்லாம் ஒரே முடிச்சு. யாரோ புதுசு."

ருசிக்காரி சீஸ் ஆலைக்குப் போன் போட்டாள். ஆமாம், மதிய ஷிஃப்டில் புது ஆள், மூட்டை தைப்பதும் அவர்தான். அழுத்தும்போது வடிந்ததையும் வீணாக்க மனமில்லாமல் சேர்த்துப் பிடித்திருக்கிறார். ஆறு மூட்டையையும் இன்றே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். சாக்குப்போக்குச் சொல்லவில்லை. தொட்டியின் அடியைத் தேய்த்தவனை அவள் நினைத்துக்கொண்டாள்.

"அப்ப அடுத்த லோடு?" என்றார் மேனேஜர்.

"இங்கேயே எடுக்கலாம் சார். நாளைக்கு நானே போய் அந்தப் புது ஆளப் பாத்துட்டு வர்றேன்." கேட்காமலே இன்னொன்றும் சொன்னாள். "உப்பு அளக்கிற கருவியையும் சீக்கிரம் திரும்ப வாங்கிக் குடுங்க. என் நாக்குக்கும் லீவு வேணும்."

மேனேஜர் சிரித்துவிட்டார். கலவைக்காரர் நல்ல மூட்டைகளைக் கொட்டிவிட்டுச் சுவிட்சைத் தட்டினார். தொட்டி உறுமிக்கொண்டு சுழன்றது.

'முப்பத்து நான்கு எடுக்கலாம். ஆறு திருப்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பல் சுரீரென்று இழுத்தது.

"கிராம்பு வெச்சுக்கோங்க அண்ணி."

"நாக்கு மரத்துப்போயிடும். மத்தியானம் எண்ணெய்ப் பொடி வருது."

"அப்ப வலியோடயே இருங்க!" நாத்தனார் தன் கைபேசியை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க, பல் டாக்டர் நம்பர். இன்னிக்குத்தான் நல்லாப் பேசறீங்களே, நீங்களே பேசுங்க."