பன்னிரண்டு மீட்டர் ஊர்வலம்

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். பழைய சீன அரண்மனை ஓவியங்களின் நல்ல அச்சுப் பிரதிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பாள். பூனையோடு விளையாடும் அரசிகள், நாணலுக்குள் வாத்துகள், வெள்ளைக் குதிரைகள் என்று பதினேழு பிரதிகள் அலமாரியில் இருந்தன. லாரி ஓட்டும் கணவன் அவற்றை “உன் பொறந்த வீட்டு ஆளுங்க” என்று கேலி செய்வான்.

பதினெட்டாவதாக வந்தது பட்டில் அச்சிட்ட ஒரு நீளச் சுருள். பேரரசர் ஒருவர் ஆற்றங்கரை வழியே அரண்மனைக்குத் திரும்பும் ஊர்வலம். பன்னிரண்டு மீட்டர். அவர்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடமோ நான்கு மீட்டர். ஒரு வாரமாக அவள் அதை முழம் முழமாகப் பிரித்துப் பார்த்துச் சுருட்டினாள்.

“முழுசா ஒரு தடவை பார்த்துடணுங்க.”

“வெளிய நடைவழி சும்மாதானே கெடக்கு?” என்றான் அவன், விளையாட்டாக.

அவள் எழுந்தே விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நடைவழியைத் துடைத்துக் காயவிட்டு, போர்வைகள் போட்டு, மேலே சுருளை விரித்தார்கள். அவனை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தாள். அவன் இடது கோடிக்குப் போய்க் குனிந்தான்.

“அது கடைசிங்க. இத வலது பக்கத்துலேர்ந்து பார்க்கணும்.”

“அப்ப ரிவர்ஸ்ல வரேன்.”

சிரித்துக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டான். நீல மலைகள், கொடிகள், நூற்றுக்கணக்கான குதிரைகள். ஒரு முகம் போல இன்னொரு முகம் இல்லை. மெல்ல முட்டி போட்டு, சுருளின் ஓரமாகவே நகர ஆரம்பித்தான்.

எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். “நடக்குற வழியில என்ன கடை விரிச்சிருக்கீங்க?” என்று ஆரம்பித்தவர், கீழே பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“இங்க வாயேன்,” என்றான் கணவன். குரல் இறங்கியிருந்தது.

ஊர்வலத்தின் வாலில், விரல்நக அளவில் ஒரு வண்டிக்காரன். சக்கரம் சேற்றில் புதைந்திருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். பேரரசர் எங்கோ போய்விட்டார்; யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“கால எப்படி ஊணியிருக்கான் பாரு. அப்படித்தான் ஊணணும். வரைஞ்ச ஆளு பக்கத்துல நின்னு பார்த்திருக்கான்.”

ஒரு வாரம் பார்த்தும் அவள் கண்ணில் அந்த வண்டிக்காரன் பட்டதேயில்லை. தரையோடு தரையாகக் கணவன் பக்கத்தில் படுத்து, கன்னம் பட்டில் பட்டுவிடாமல் பார்த்தாள்.

“வேற யாரெல்லாம் கண்ணுல பட்டாங்க? காட்டுங்க,” என்றாள்.