மத்ததெல்லாம்

டேபில் ஆடிய சதுரங்கத்தில் பிரேசில்காரனின் ராஜாவுக்குத் தப்ப வழியில்லை. யானையை ஒரு கட்டம் இறக்கினால் ஆட்டம் முடிந்தது. செல்லப்பா யானையின் மேல் விரலை வைத்த நேரம் பார்த்து டேப் அப்படியே நின்றுவிட்டது. திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது நின்றபோது அவருடைய நேரம் தீர்ந்து, அவர் தோற்றதாகக் காட்டியது. பின்னறையில் மனைவி பிரேமலதாவின் குரல் மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. "அருமை பாப்பா! எங்கே, இன்னொரு மட்டம் சொல்லு பாப்போம்."

கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கும் மகளை அழைத்தார்.

"தேனு, நெட்டுக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல. சாயங்காலமானா படுத்துக்கிடுது."

"நெட்டு நல்லாத்தான் இருக்கும்ப்பா. போன லீவுல வந்தப்போ அம்மா போனுக்கு ப்ரையாரிட்டி போட்டுட்டு வந்தேன். கிளாஸ் நேரத்துல அதுக்குத்தான் முதல்ல போகும். மத்ததெல்லாம் கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும்."

தேன்மொழி யதார்த்தமாகத்தான் சொன்னாள். செல்லப்பாவுக்கு அந்த 'மத்ததெல்லாம்' நெஞ்சில் முள்ளாக நின்றது. வீட்டில் எந்நேரமும் இருப்பவர் என்று மகள் அவருடைய டேபில்தான் வைஃபை ஆப்பை ஏற்றிக் கொடுத்திருந்தாள். அதுவரை திறந்து பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். முதலில் 'அம்மா போன்', அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு ராக்கெட். அடுத்தது 'டிவி'. மூன்றாவதாக 'அப்பா டேப்'.

இருபத்திரண்டு வருடம் அந்தத் தெருவே அவர் பெயரில் இருந்தது. 'கணக்கு சார் தெரு' என்று சொன்னால் ஆட்டோக்காரர்கள் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். மாடியில் ஓலைக்கொட்டகை போட்டு மூன்று பேட்ச் நடத்தினார். வாசலில் சைக்கிள்கள் நிற்க இடம் போதாமல் பக்கத்து வீட்டுக்காரர்களோடு சண்டை வரும். கொரோனா வந்து கொட்டகையை மூடியது. திறந்தபோது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஏசி போட்ட பெரிய டியூஷன் சென்டர் ஒன்று வந்திருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு பிள்ளைகள் வருகிறார்கள், அதில் ஒருவன் தூங்குவதற்கு வருகிறான்.

பிரேமலதா பி.ஏ. தமிழ். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் படிப்பைப் பற்றி யாரும் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. தேன்மொழியோடு படித்த ஒரு கடையநல்லூர்ப் பெண்ணின் அக்கா நஸ்ரின் பானு, ஷார்ஜாவில் இருக்கிற தன் மகளுக்குப் போன் வழியாக அ, ஆ சொல்லித்தர ஆள் தேடினாள். ஒரு பிள்ளை நாலானது, நாலு பதினொன்றானது. தெருவில் ஓடும் விசைத்தறிகளின் சத்தம் வராத பின்னறையில் அரிசிப் பானைகளை ஒதுக்கி, சுவரில் சேலையைக் கட்டி, பிரேமலதா உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொள்வாள். அவர் கொட்டகைக்கு ஏறுமுன் இப்படித்தான் சட்டையை மாற்றிக்கொள்வார்.

ராக்கெட்டின் மேல் விரலை வைத்தார். அது போய்விட்டது. 'அப்பா டேப்' மேல் வைத்தார். அங்கே வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான் வேலை.

மறுநாள் சதுரங்கப் போட்டி வீடியோ ஒன்றை இருப்பதிலேயே பெரிய தரத்தில் ஓடவிட்டார். பின்னறையில் குரல் தட்டுத்தடுமாறியது. "கேக்குதா பாப்பா? டீச்சர் பேசுறது கேக்குதா?" அந்தக் கேள்வியைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள். வெளியே வந்தவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு நல்லா வருதா?" என்றாள்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றார். பொய் இத்தனை சுலபமாக வரும் என்று அவருக்கே தெரியாது.

சனிக்கிழமை ஷார்ஜாவில் முப்பது தாய்மார்கள் சேர்ந்து பிரேமலதாவின் வகுப்பைப் பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்துப்போனால் அவர்கள் பிள்ளைகளுக்கெல்லாம் இவள்தான் டீச்சர். இரண்டு நாளாக வெட்டி ஒட்டிய படங்கள் கட்டில் நிறையக் கிடந்தன. செல்லப்பாவும் ஆறு மணிக்கு முன்னால் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடத்தான் நினைத்திருந்தார். சத்தியமாக நினைத்திருந்தார்.

நாலு மணிக்கு வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். வெள்ளைத் தொப்பி, கையில் துணிப்பை.

"டீச்சரம்மா வீடு இதானே?"

செல்லப்பா வாசலை விட்டு விலகி உள்ளே வரச்சொன்னார். நஸ்ரின் வாப்பா என்று கூப்பிடும் அவளுடைய தகப்பனார் மம்மது அவர். கடையநல்லூரிலிருந்து புளியங்குடி வழியாக பஸ் பிடித்து வந்திருந்தார். பையிலிருந்து பேரீச்சம்பழ டப்பாவை எடுத்து வைத்தார். பிறகு மடியிலிருந்து ஒரு தாளைப் பிரித்தார். "எம் பேத்தி எழுதினது. 'அன்புள்ள அப்பா'ன்னு எழுதிருக்கா பாருங்க. வாப்பாவைப் பெத்தவரையும் உம்மாவைப் பெத்தவரையும் 'அப்பா'ன்னுதான் கூப்பிடுவோம் எங்க ஆளுகள்ள. நான் கண்ண மூடுறதுக்குள்ள இப்படி ஒண்ணு கைக்கு வருமான்னு இருந்தேன்." தாளை அதே மடிப்பில் திரும்ப மடித்து மடியில் செருகினார். "அண்ணாச்சி, நீங்க?"

"அவ வீட்டுக்காரர்."

"அல்ஹம்துலில்லாஹ். என்ன பண்ணுதீங்க?"

"சும்மாதான் இருக்கேன்."

பிரேமலதா காப்பி கொண்டுவந்தாள். பெரியவர் எழுந்து நின்று வாங்கினார். அவரைவிட இருபது வயது இளைய பெண்ணிடம், எழுந்து நின்று. செல்லப்பா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு டேப் அவர் மடியில் இருந்தது. ராக்கெட்டை அவர் தொடவில்லை. வீடியோவை ஓடவிட்டார், அது போதாதென்று டிவியில் ஒரு படத்தையும் போட்டு ஒலியை அமுக்கினார். பின்னறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. இடுக்கு வழியாக பிரேமலதாவின் போன் தெரிந்தது. அதில் அவளுடைய முகம் வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி நின்றுபோயிருந்தது. நிஜமான பிரேமலதா அந்த முகத்துக்கு முன்னால் யானைப் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கேக்குதா? யாருக்காவது கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கை இறங்கவே இல்லை. கட்டங்களில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள்.

அன்றைக்கு அவள் அழவில்லை. தோசைக்கல்லை மட்டும் ரொம்ப நேரம் தேய்த்தாள். நஸ்ரின் அழைத்தபோது, "ஊரு அப்படி, என்ன செய்ய. அவங்க வேற நல்ல ஆளாப் பாத்துக்கிடட்டும். வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொன்னாள்.

திங்கட்கிழமை கேபிள்காரன் மாரிச்செல்வத்தை வரச்சொன்னாள். மாரி கொட்டகையில் படித்தவன். வயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் போனில் எதையோ திறந்தான். விரலை மேலும் கீழும் நகர்த்தியவன் நிமிர்ந்து செல்லப்பாவைப் பார்த்தான். செல்லப்பா காலண்டரைப் பார்த்தார்.

"என்ன மாரி, என்ன கோளாறு?" என்றாள் பிரேமலதா.

"ஒண்ணுமில்லக்கா. முனையில லூசு. சரி பண்ணிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

தன்னை வழியனுப்ப வரச்சொல்வதுபோல் மாரி வாசலில் தயங்கி நின்றான். செல்லப்பா போனார். மாரி பைக்கை உதைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி, "மாத்தி வச்சிருக்கேன் சார். அப்படியே இருக்கட்டும்" என்றான். கொட்டகையில் விடை தப்பானபோதுகூட அவன் இத்தனை மெதுவாகப் பேசியதில்லை. செல்லப்பா தலையை ஆட்டினார்.

உள்ளே வந்தபோது பிரேமலதா ரௌட்டர் இருந்த அலமாரியருகே நின்றாள். "லூசுதானாமா?"

"ஆமா."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு வாசல் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் டேப் மேசைமேல் அணைந்து கிடந்தது. செல்லப்பா அடுக்களையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றார். பின்னறையிலிருந்து குரல் இழை அறாமல் வந்தது. ஷார்ஜாப் பிள்ளை ஒன்று 'வாளைப்பளம்' என்றது. மற்ற பிள்ளைகள் சிரித்தன.

"சிரிக்காதீங்க. நாக்கு உக்கார எடம் தேடுது, தேடட்டும்" என்றாள் பிரேமலதா. "'ழ'வுக்கு நாக்க மடிச்சு உள்ள கொண்டு போ. மேல ஒட்டாத. ஆங். அவசரமே இல்ல, டீச்சர் இங்கனதான் இருக்கேன்."

காத்திருந்தாள். அரை நிமிடம், முக்கால் நிமிடம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளைக்காகவும் அவர் இவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. அடுத்த பிள்ளையைக் கேட்டிருப்பார், இல்லை பெஞ்சுமேல் ஏற்றியிருப்பார். இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது இதை? பழைய எரிச்சல் திரும்பவும் கிளம்பியது. முந்தியதைவிடக் கூடுதலாகவே கிளம்பியது.

பிள்ளை இன்னும் சொல்லவில்லை. பால் பொங்கி விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. செல்லப்பா அதைப் பார்த்தபடி நின்றார். மூடிய வாய்க்குள் அவருடைய நாக்கு மெல்ல மடிந்து, எதையும் தொடாமல், மேலே போய் நின்றிருந்தது.