பாத்திரம் எங்களுடையது

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் கோபம்கூட இல்லை, என் அக்காவுடையது. ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே நடந்ததையெல்லாம் கொட்டினாள். முடித்துவிட்டு, "இதையெல்லாம் எழுதித் தொலைக்காத" என்றாள். அவள் தெரு முனை திரும்புவதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வந்த தொடக்கம் இது: "மழை ஓய்ந்த ஒரு மாலையில், பாத்திரங்களின் கிண்கிணி ஓசையோடு அவள்—"

அடித்துவிட்டேன். மழையே பெய்யவில்லை. அக்காவின் பாத்திரங்களிலிருந்து ஓசையும் வராது. வந்தால் கட்டியது சரியில்லை என்று அர்த்தம்.

2

ஆகவே கட்டுவதிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா ஒரு பாத்திர நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்ச் சமைத்துக் காட்டுகிறவள். டெமோ என்பார்கள். அழைத்த வீட்டின் அடுப்பில், தண்ணீரே விடாமல் காயை வேகவைத்துக் காட்டி, கூடியிருப்பவர்களை வாங்கவைக்க வேண்டும். காய் அந்த வீட்டாருடையது, பாத்திரம் அக்கா கொண்டுபோவது. துணைக்கு அவளுடைய நாத்தனார் போவாள். கையில் கிடைத்ததற்கெல்லாம் துணி சுற்றிச் சுற்றி, அவளுக்குப் பஞ்சு என்றே பெயராகிவிட்டது.

சக்கரம் வைத்த பையில் பெரிய வாணலி அடியில், அதற்குள் சின்னது, நடுவே பழைய துண்டு. கைப்பிடிகளெல்லாம் உள்பக்கம் பார்க்க வேண்டும். கண்ணாடி மூடியைப் படுக்கவைக்கக் கூடாது, நிறுத்தித்தான் வைக்க வேண்டும். படுத்த மூடி சாலையின் முதல் பள்ளத்திலேயே விரிசல் விடும். சூடான பாத்திரத்தைக் கட்டவே கூடாது.

(படித்துப் பார்த்த நண்பர், "இந்தப் பத்தி எதுக்கு, நேரா கதைக்குப் போ" என்றார். அவர் ஒரு நாளும் அந்தப் பையைத் தூக்கியதில்லை. பத்தி இருக்கும்.)

அன்று போன வீடு மேல் மாடியில். லிஃப்ட் பழுது. பையில் சக்கரம் இருந்தாலும் படியில் அது இருந்தென்ன. அக்கா மேலேயும் பஞ்சு அடியிலும் பிடித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கிவைத்து மூச்சு வாங்கி ஏறினார்கள்.

3

கதவைத் திறந்த வீட்டுக்காரம்மாவை எப்படிக் காட்டுவது என்பதில் எனக்கும் எனக்கும் சண்டை. "உதட்டுச் சாயமும் அலட்சியமுமாக நின்ற அந்த—" என்று எழுதினேன். சினிமா வில்லி போல இருந்தது. அக்கா சொன்னது வேறு. நல்ல முகமாம், வேர்த்திருந்ததாம், பையைத் தூக்க அவரும் ஒரு கை கொடுத்தாராம்.

கூடத்தில் பலூன் கட்டியிருந்தது. மேசையில் கேக்.

"பையனுக்குப் பொறந்தநாள். எப்படியும் எல்லாரும் வர்றாங்க, அப்படியே உங்க டெமோவையும் பார்ப்பாங்கன்னுதான் இன்னைக்கே கூப்பிட்டேன்."

அக்காவுக்குச் சந்தோஷம்தான். பெரிய கூட்டம். சமைக்க ஆரம்பித்தாள். காய் வெந்தது, எட்டிப் பார்க்க ஒருவரும் வரவில்லை. வெளியே வாடை வருகிறதென்று யாரோ சமையலறைக் கதவைச் சாத்தினார்கள். அக்கா அந்தக் கதவிடம் பேசினாள்: "அடி கனமா இருக்கறதால சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும் பாருங்க." பஞ்சு தலையாட்டினாள்.

வீட்டுக்காரம்மா தலையை மட்டும் உள்ளே நீட்டினார். "இன்னொரு தடவை இதே மாதிரி போட்டுடுங்களேன். ஆள் நிறைய வந்துட்டாங்க."

"பார்க்க யாராவது வருவாங்களாம்மா?"

"சாப்பிட்டா தெரிஞ்சிடாதா?"

இந்த முறை கதவைச் சரியாகச் சாத்தவில்லை. உள்ளே யார் என்று ஒரு பெண் குரல் கேட்டது. வீட்டுக்காரம்மாவின் பதில் தெளிவாக வந்து விழுந்தது.

"சமையலுக்கு ஆள் வெச்சிருக்கோம்."

4

சமையல் வேலை என்ன கேவலமா என்று கேட்பீர்கள். இல்லை. சமைக்கக் கூப்பிட்டிருந்தால் சமைக்கிறவர் வந்திருப்பார், எத்தனை பேருக்கு என்று முன்பே பேசிக்கொண்டு. பார்க்கிறோம் என்று கூப்பிட்டு வேலை வாங்குவதற்குப் பெயர் வேறு. அந்தப் பெயரை எழுதினால் பத்திரிகைக்காரர் வெட்டிவிடுவார், எனவே நானே—

சரி, கதை.

அக்கா அடுப்பை அணைத்தாள். "கட்டு" என்றாள்.

"அண்ணி, கொதிக்குது. மூடி தெறிச்சிடும்."

"தெறிக்கட்டும். கட்டு."

பஞ்சு துண்டை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அதற்குள் வீட்டுக்காரம்மா வந்துவிட்டார்.

"என்னங்க பண்றீங்க? சாப்பாடு?"

"உள்ளதான் இருக்கு. பாத்திரம் எங்களோடது."

"காய் எங்களோடது."

அது நியாயம்தான் என்று அக்காவே என்னிடம் ஒப்புக்கொண்டாள்.

"அப்ப உங்க பாத்திரத்தைக் கொண்டாங்க. கொட்டிட்டுப் போறேன்."

வீட்டுக்காரம்மா அலமாரியைத் திறந்தார். அடி கறுத்த ஒரு குண்டான், பிடி போன வாணலி, பால் காய்ச்சும் சின்னப் பாத்திரம். அவர் குரல் இறங்கியது.

"என் வீட்டுக்காரர் தங்கச்சி வந்திருக்காங்க. இதுல கொண்டுபோய் வெச்சா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாங்க. இன்னைக்கு மட்டும் உங்க பாத்திரத்துலயே பரிமாறிக்கறேனே."

(இங்கே நீங்கள் இரங்குவீர்கள் என்று தெரியும். இரங்குவதற்கென்றே ஒரு பத்தி எழுதியிருந்தேன், நன்றாகவும் வந்திருந்தது. கிழித்துப் போட்டேன். ஒருத்தி தலைநிமிர்ந்து நிற்க இன்னொருத்தியின் தலைமேல்தான் ஏறி நிற்க வேண்டுமா?)

5

முடிவு ஒன்று: அக்கா வாணலியைக் கேக்கின் மேல் கவிழ்க்கிறாள். எழுதும்போது எனக்குக் கை இனித்தது. ஆனால் அவள் அப்படிச் செய்யவில்லை.

முடிவு இரண்டு: இருவரும் கண்கலங்கி, கைகளைப் பற்றிக்கொண்டு— சீ.

நடந்தது இதுதான். அக்கா வாணலியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். தட்டோடு இருந்த ஒவ்வொருவர் முன்னும் நின்று பரிமாறினாள். ஒவ்வொரு கரண்டிக்கும் அதே வார்த்தை, அதே குரல்: "நான் சமையலுக்கு வெச்ச ஆள் இல்லைங்க. இந்தப் பாத்திரத்தை விக்க வந்தவ."

முதலில் சிரித்தார்கள். சில தட்டுகள் தாண்டியதும் சிரிப்பு நின்றது. குழந்தைகளிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை, "சூடு, பார்த்துச் சாப்பிடு" என்றாள். வீட்டுக்காரரின் தங்கை தட்டைத் தொடவே இல்லை. வீட்டுக்காரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையின் முகத்தில் வயிறு நிறைந்த திருப்தி. வீட்டுக்காரம்மா சுவரைப் பார்த்து நின்றார்.

பிறகு அக்காவும் பஞ்சுவும் கழுவி, துடைத்து, சூடு அடங்கும்வரை காத்திருந்து, கட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

"ரொம்பப் போயிட்டோமோ அண்ணி?" என்றாள் பஞ்சு, படியில்.

"நான் சொன்னதுல எது பொய்?"

6

இதுவரை எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"நீ ஏன்டா என்னைவிடக் கோவமா இருக்க?" என்றாள். "உனக்கு நானே ஒரு பாத்திரம். எழுதிட்டுக் கவுத்து வெச்சிடுவ. நான் நாளைக்கும் பையைத் தூக்கணும்."

அதற்குள் அவள் போன் அடித்தது. அந்த வீட்டுக்காரம்மா.

"திட்டறதுக்கா, மன்னிப்பு கேக்கறதுக்கா?" என்றேன்.

அக்கா திரையையே பார்த்தாள். "எல்லாரும் போனப்புறம் அந்தம்மாவை அந்த நாத்தனார் என்ன பாடு படுத்தினாங்களோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபப்பட வேண்டியவளே இப்படிக் கரைந்தால் நான் யாருக்காக எழுதுகிறேன்?

போன் இன்னும் அடிக்கிறது. அக்கா அதை என் பக்கம் தள்ளிவைத்திருக்கிறாள். நான் தொட மாட்டேன். உங்களுக்கு மனசு கேட்கவில்லை என்றால் நீங்கள் எடுத்துப் பேசுங்கள். எடுத்ததும் "பரவாயில்லைங்க" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.