நெயில் பாலிஷ் கோடு

"ரத்தம் போலிருக்கு அண்ணி, போகவே மாட்டேங்குது" என்று நாத்தனார் ஈரத்துணியால் தன் அண்ணனின் பெருவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலையில் காரை எடுத்துக்கொண்டு போன மனிதர் இப்போது கூடத்தில், கழுத்துவரை போர்த்தி, யார் என்ன செய்தாலும் சும்மா கிடந்தார்.

"ரத்தமில்ல. நெயில் பாலிஷ்" என்றாள் அவர் மனைவி.

நாத்தனார் விழித்தாள். விளக்கிச் சொல்ல இவளுக்குத் தெம்பில்லை. காது முழுக்க வாசலில் இருந்தது. அங்கே கொழுந்தன் யாரிடமோ அளந்துகொண்டிருந்தார்.

"நெஞ்சு நின்னுபோச்சுன்னு டாக்டர் சொல்றார். எனக்கென்னவோ கார்லதான் கோளாறுன்னு தோணுது. இடது பக்கமா இழுத்துட்டுப் போய் நடைபாதையில ஏறியிருக்கு. நேத்துதான் வீட்டுலயே சக்கரத்தைக் கழட்டி பிரேக் பேட் மாத்துனாங்களாம். நாம பண்ற வேலையா இது?"

அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

அந்த வீட்டில் காரில் கைவைப்பவள் அவள்தான். ஆயில், பில்டர், பிரேக் எல்லாம் அவள் பாடு. கணவருக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தகராறு. டார்ச் பிடிப்பார், அதையும் அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்து, வாங்கிக் கட்டிக்கொள்வார். நேற்று வலது சக்கரம் முடிந்து, இடது சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் கையால் திருகி, ஜாக்கியை இறக்கும்போது மகளிடமிருந்து போன். ஜாக்கியை இறக்கிய பிறகுதான் ஸ்பேனர் போட்டு முழுதாக இறுக்க வேண்டும். இறுக்கினேனா? போன் பேசியது நினைவிருக்கிறது, கை கழுவியது நினைவிருக்கிறது. நடுவில் இருந்தது மட்டும் எவ்வளவு குடைந்தும் வரவில்லை.

நான்தான் கொன்றேனா என்று தெரியாமல் அவர் பக்கத்தில் உட்கார முடியாது. எழுந்தாள்.

"எங்க போறீங்க அண்ணி, இந்த நேரத்துல?"

அவள் வாசலுக்குப் போனாள். இழுத்துவந்து வாசலோரம் நிறுத்தியிருந்த காரின் டிக்கியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் வழிவிட்டு நின்று வாயைப் பிளந்தார்கள். இடது சக்கரத்தின் முன்னால் குந்தினாள்.

ஒவ்வொரு நட்டிலும் சிவப்புக் கோடு. நட்டில் தொடங்கிச் சக்கரத்தில் முடியும் கோடு. நட்டு துளி நகர்ந்தாலும் கோடு உடைந்துவிடும். தனக்கும் ஒரு வேலை வேண்டுமென்று அவராகக் கண்டுபிடித்த வேலை இது. அவளுடைய நெயில் பாலிஷைத்தான் தீர்ப்பார். "ஆச்சா?" என்று கேட்பார். "ஆச்சு" என்று அவள் சொல்லாமல் ஒரு சொட்டு வைக்கமாட்டார். அதில் மட்டும் அவரை அசைக்க முடியாது.

கோடு எதுவும் உடையவில்லை.

இப்போது நினைவு வந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஸ்பேனரை மிதித்து நட்டுகளை இறுக்கினாள். அவர் "ஆச்சா மெக்கானிக்கம்மா?" என்றார். "ஆச்சு, ஆச்சு, சும்மா தொணதொணக்காதீங்க" என்றாள்.

கொழுந்தன் பின்னால் வந்து நின்றிருந்தார். ஸ்பேனரை நீட்டினாள்.

"நீங்களே திருகிப் பாருங்க."

அவர் ஒரு கையால் அழுத்தினார். பிறகு இரண்டு கையால். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"அசையல அண்ணி" என்றார் மெதுவாக. "நான் ஏதோ புரியாம..."

"அப்பாடா" என்றாள் அவள், வாய்விட்டு. செத்த வீட்டில் சொல்கிற வார்த்தையா அது என்று யாரோ பார்த்தார்கள். பார்க்கட்டும். காலையிலிருந்து மார்பில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகையே வந்தது. சக்கரத்தில் சாய்ந்து ஆசைதீர அழுதாள்.

அவள் உள்ளே வந்தபோது நாத்தனார் எங்கிருந்தோ ரிமூவர் பாட்டிலைத் தேடிப்பிடித்து, பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"கெடச்சிருச்சு அண்ணி. ஒரு நிமிஷத்துல போயிரும்."

"வேண்டாம். அது இருக்கட்டும்."

கையில் ஒட்டியிருந்த சக்கரத்துக் கரியைப் புடவையில் துடைத்துவிட்டு, அவர் கையை எடுத்துப் போர்வைக்கு மேலே வைத்தாள், பெருவிரல் வெளியே தெரியும்படி.