பின்வரிசை மூப்பர்

இன்சுக் ஏழாவது மேசையில் துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போன கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது சபை ஆட்கள் வாசலில் ஷூ கழற்றும் சத்தம் கேட்டது. பத்துப் பன்னிரண்டு பேர். கிண்ணங்களில் மிச்சமிருந்த மாட்டிறைச்சி சூப் ஆறி, மேலே சிவப்புக் கொழுப்பு படிந்திருந்தது.

"ஏம்மா, நீயா கிண்ணம் எடுக்கிறது? படத்துக்குப் பக்கத்துல நிக்க வேண்டியவ நீ" என்றார் முன்னால் வந்த சபை மூப்பர், மா என்பவர். குடியிருப்போர் சங்கத் தலைவரும் அவர்தான்.

இன்சுக் கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் படத்தருகே போய் நின்றாள். அண்ணன் தம்பி கிடையாது, விவாகரத்தாகி ஒன்பது வருடம். ஆகவே துக்கத்துக்குத் தலைமை அவளேதான். ஆஸ்பத்திரி நிலவறையிலிருந்த இந்தச் சாவு மண்டபத்துக்கு நேற்றுக் காலை அப்பாவைக் கொண்டுவந்ததிலிருந்து மூன்று மணி நேரம்கூட அவள் தூங்கவில்லை. அதற்கு முன்பு நான்கு மாதம் ஆஸ்பத்திரி. அழுகை வரும் என்று காத்திருந்தாள். கொட்டாவிதான் வந்தது.

அப்பா பியோ கில்சாங் முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். இருபது வருடம் சபையில் மூப்பர். மூன்று வருடங்களுக்கு முன்னால், அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டிய காலி மனையில் மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கான பள்ளி வரப்போவதாகப் பேச்சு வந்தது. வீட்டு விலை விழுந்துவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். குடியிருப்பில் பாதிப் பேர் அதே சபைக்காரர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், காப்பி கொடுக்கிற மேசைக்குப் பக்கத்திலேயே எதிர்ப்பு மனுவை வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள்.

சங்கக் கூட்டத்தில் அப்பா எழுந்தார். "நான் பஸ் ஓட்டுறப்ப இந்த மாதிரிப் பிள்ளைங்க நின்னா நிறுத்தாம போயிருக்கேன். ஏத்தி எறக்க நேரமாகும்னு. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. அந்த அம்மாங்க கண்ணாடியில சின்னதாகிக்கிட்டே போவாங்க. ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. கேட்டா மட்டும் போதுமாங்கிறதுதான் தெரியல."

அதற்கப்புறம் அவரை யாரும் பீடத்தில் ஜெபிக்கக் கூப்பிடவில்லை. விலகச் சொல்லவும் இல்லை. அவராகவே கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு ஞாயிறும் தவறவில்லை.

இன்சுக் அந்தக் கூட்டத்துக்கு முன்பே கையெழுத்துப் போட்டிருந்தாள். அவளுக்கென்று இருந்தது அந்தக் குடியிருப்பில் ஒரு வீடு மட்டும்தான். அப்பா அதைப் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலம் பேரிக்காய் சீவிக்கொண்டே, "உன் கையெழுத்து இன்னும் ஸ்கூல் பிள்ளை கையெழுத்து மாதிரியே இருக்கு" என்றார். துண்டுகளை அவள் பக்கம் தள்ளி வைத்தார். மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று அவள் மூன்று வருடம் காத்திருந்தாள்.

பள்ளி வரவில்லை. மனையில் வேலி மட்டும் நிற்கிறது.

போதகர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தபோது, ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி தன் மகளைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தாள். மகளுக்குப் பத்தொன்பது, இருபது இருக்கலாம். படத்தைப் பார்த்ததும் மகள் அம்மாவின் கையை உதறிக்கொண்டு, "தாத்தா! தாத்தா!" என்று மண்டபம் அதிரக் கத்தினாள்.

"நான் சேபோமோட அம்மா" என்றாள் வந்தவள். "இவளைச் செவ்வாய், வியாழன் பயிற்சி மையத்துக்கு உங்கப்பாதான் கூட்டிட்டுப் போவாரு. எனக்குக் காலையிலயே வேலை. படுக்கையில விழுற வரைக்கும் வந்தாரு."

அந்த நாட்களில் அப்பா மலையேறப் போகிறார் என்றே இன்சுக் நினைத்திருந்தாள்.

மூப்பர் மா அவள் காதருகே குனிந்தார். "ஆராதனை முடியுற வரைக்கும் அவங்க கொஞ்சம் வெளிய இருக்கட்டுமே. அப்பாவோட கடைசி ஆராதனை, அமைதியா நடக்கட்டும்." போதகர் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

யாரோடும் மல்லுக்கு நிற்க இன்சுக்குக்குத் தெம்பு இல்லை. "சேபோம் அம்மா, ஒரு இருபது நிமிஷம்..." என்று இழுத்தாள்.

"சரி" என்றாள் அவள், மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல. "வெளிய நிக்கிறது எங்களுக்குப் பழக்கம்தான்."

பாடினார்கள். சபைக்கு வண்டி நிறுத்த இடம் வாங்கியபோது மூப்பர் பியோ எவ்வளவு உழைத்தார் என்று போதகர் பேசினார். பள்ளியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பிறகு ஜெபம். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நடைபாதையிலிருந்து "தாத்தா" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இன்சுக் கண்ணைத் திறந்தாள். மூப்பர் மாவும் கண் திறந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அவசரமாக மூடிக்கொண்டார்.

அவள் எழுந்து வெளியே போனாள்.

சேபோம் தரையில் உட்கார்ந்து, சபை அனுப்பிய மலர்வளையத்திலிருந்து நாடாவை உருவிக்கொண்டிருந்தாள். அம்மா தடுக்கப் பார்த்தாள்.

"விடுங்க. உள்ள வாங்க."

"முடிஞ்சிருச்சா?"

"இல்ல."

"அப்ப வேண்டாம். இப்ப உள்ள வந்தா நல்ல பேரு உங்களுக்குத்தான். நான் அவரைப் பார்க்க வந்தேன், உங்க மனசு ஆற இல்ல."

இன்சுக் சுவரில் சாய்ந்தாள். "அந்த மனுவுல நானும் கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும். நாங்களும் அதே குடியிருப்புதான். நானூத்திப் பன்னெண்டு பேரையும் படிச்சேன். மாடிப்படியில யாருக்கு வணக்கம் சொல்லணும், யாருக்கு வேண்டாம்னு தெரியணும்ல."

உள்ளே போதகரின் குரல் ஏறி இறங்கியது.

"என்னைப் பத்தி அப்பா ஏதாவது சொன்னாரா?"

சேபோமின் அம்மா நினைத்திருந்தால் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல" என்றாள். "பொண்ணு இருக்கிறதாவே சொன்னதில்ல."

இன்சுக் தலையாட்டினாள். இதற்கிடையில் சேபோம் எழுந்து, ஷூவோடு, நேராக உள்ளே நடந்தாள். அம்மா பின்னால் ஓடினாள். இன்சுக் அந்த அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

சேபோம் படத்துக்கு முன்னால் பாயில் உட்கார்ந்தாள். கத்தவில்லை. இன்சுக் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா இரண்டடி தள்ளி உட்கார்ந்தாள். ஜெபம் நீண்டுகொண்டே போனது. ஆமென் சொல்லும்போது சேபோம் இன்சுக்கின் மடியில் தலைவைத்துத் தூங்கியிருந்தாள். வாயோரம் எச்சில் வழிந்து கறுப்புப் பாவாடை நனைந்தது.

வந்தவர்கள் படத்தடியில் வைக்க ஆளுக்கொரு வெள்ளைச் செவந்திப் பூவோடு வரிசையில் நின்றார்கள். துக்கக்காரி எழுந்து நின்று ஒவ்வொருவரையும் குனிந்து வணங்க வேண்டும். இன்சுக் எழவில்லை, உட்கார்ந்தபடியே தலையை மட்டும் தாழ்த்தினாள். முதலில் நின்ற மூப்பர் மா காத்திருந்தார்.

"ஏம்மா, வழியில..."

"தூங்குறா" என்றாள் இன்சுக்.

அவர் பெருமூச்சு விட்டார். சேபோமின் கால்களைத் தாண்ட மனமில்லாமல், நின்ற இடத்திலிருந்தே உடம்பை வளைத்துப் படத்தை நோக்கிக் கையை நீட்டினார். எட்டவில்லை. பூ நழுவிச் சேபோமின் தோளில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. அவள் விட்ட மூச்சுக்கு அது மெல்ல ஏறி இறங்கியது.