தறி நின்ற புதன்கிழமை

என் வீட்டுக்காரர் சரவணமுத்துவுக்குக் காது மந்தம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "தறிக்காரனுக்குக் காது எதுக்கு? கையிருந்தாப் போதும்" என்பார். குமாரபாளையத்தில் நாற்பத்தெட்டு வருஷம் விசைத்தறிக்கு நடுவே நின்றவருக்குக் காது நன்றாகக் கேட்டால்தான் அதிசயம். போன தை மாதம் சேலத்துக்குக் கூட்டிப்போய்க் காது மிஷின் பொருத்தினோம். இரண்டு நாள் போட்டார். மூன்றாம் நாள் கழற்றி டப்பாவில் வைத்து மூடிவிட்டார்.

"ஒரே இரைச்சலாக் கெடக்குது" என்றார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் மனுஷன் பேச்சையே விட்டுவிட்டார். சூரத்திலிருந்து மகன் கூப்பிட்டால் போனை என் கையில் தள்ளிவிடுவார். டீக்கடைக்குப் போவதில்லை. யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னோடு மல்லுக்கட்டிய ஆள், இப்போது சண்டைக்குக்கூட வருவதில்லை.

மருமகள் ஜெயப்பிரியா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிறவள். அவள்தான் ஒருநாள் ஒரு வழி சொன்னாள்.

"அத்தெ, அந்த மிஷினுக்குப் போன்ல இருந்து நேராப் பாட்டு அனுப்பலாமுங்க. மாமாவுக்குப் புடிச்ச பாட்டாப் பாத்துக் காதுக்குள்ள உட்டா, கழட்ட மனசு வராது. அவருக்கு எந்தப் பாட்டுங்க புடிக்கும்?"

எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியும். பீரோவில் என் கூறைப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

நான் எடப்பாடிக்காரி. பதினெட்டு வயதில் பாட்டு டீச்சர் என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போய், ஒரு சின்னக் கம்பெனியில் காவிரியின் மேல் ஒரு பாட்டுப் பாடவைத்தார். இசைத்தட்டாக வந்தது. நாங்கள் பிளேட்டு என்போம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் வேறு யாரோ. அடுத்த வருஷமே கம்பெனியை மூடிவிட்டார்கள். நானறிய அந்தப் பிளேட்டைக் காசு கொடுத்து வாங்கிய ஒரே ஆள் இவர்தான். பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் பெண் கேட்டு வந்தார். வந்தவர் என்னைக் கொண்டுபோய்த் தறிக்கு நடுவில் குடிவைத்தார். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி என் தொண்டை தகரமாகிவிட்டது. இப்போது நான் "சாப்புட வாங்க" என்றால் தெருவே இலை போட்டு உட்கார்ந்துவிடும்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பதினெட்டு வயதுக் குரலைக் காதுக்குள் ஊற்றிவிட்டு, பின்னாலேயே இந்தத் தகரக் குரல் போனால் அவருக்கு எப்படி இருக்கும்? மிஷின் மறுபடி டப்பாவுக்கே போய்விடாதா? ஆனால் அந்தத் தலையாட்டுச் சிரிப்பை இனியும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. பிளேட்டை எடுத்து ஜெயப்பிரியாவிடம் கொடுத்தேன்.

அவள் ஒரு ரெக்கார்டு பிளேயர் வரவழைத்தாள். கம்ப்யூட்டரில் சொருகுகிற ஒயரோடு வந்தது. ஊசி பாடப்பாட, பாட்டு அப்படியே கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிடுமாம். ஈரத்துணியால் பிளேட்டைத் துடைத்து, மெல்ல ஊசியை வைத்தோம். மூன்றரை நிமிஷம். திரும்பப் போட்டுக் கேட்டபோது நான் அழுதுவிட்டேன். சொல்வதற்கு என்ன வெட்கம்!

மறுநாள் போனையும் காது மிஷினையும் இணைத்துக்கொண்டு வர நானும் ஜெயப்பிரியாவும் சேலத்துக்குப் போனோம். மிஷின் பொருத்துகிற பெண் முதலில் தானே பாட்டைக் கேட்டாள். முகத்தைச் சுளித்தாள்.

"பாட்டு நல்லா இருக்கும்மா. பின்னாடி என்ன டக்கு டக்குன்னு ஒரு சத்தம்?"

"எந்தச் சத்தமுங்க?" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

மூன்று தரம் போட்டுக் காட்டினாள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் பேனாவால் மேஜையில் தட்டித் தாளம் போட்டுக் காட்டிய பிறகுதான் பிடிபட்டது. என் பாட்டு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது! தரையின் அதிர்வையும் சேர்த்து ஊசி படித்துவிட்டதாம். கம்ப்யூட்டரில் அதைக் கழிக்கப் பார்த்தால் குரலும் கெட்டுப்போகும் என்றாள். போனையும் மிஷினையும் மட்டும் இணைத்துக் கொடுத்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அதுவே என் மனசில் ஓடியது. அவரைச் செவிடு செவிடு என்று சொன்ன எனக்கு எது கேட்டது? ஒரே இரைச்சல் என்று அந்த மனுஷன் சொன்னது சத்தியமான பேச்சு. மிஷின் போட்ட அந்த இரண்டு நாளும், எங்கள் வீட்டில் ஒழுங்காகக் காது கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

பாட்டை மறுபடி ஏற்ற எங்கள் தறியை நிறுத்திவிட்டால் மட்டும் போதாது. சுவருக்கு அந்தப்பக்கம் பூபதியின் தறி, அதற்கும் அந்தப்பக்கம் இன்னொருவர் தறி. தெருவே ஒன்றாக நின்றால்தான் உண்டு. அது மாதத்துக்கு ஒருநாள், பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தும்போது மட்டும்தான் நடக்கும்.

"கரண்டே இல்லாம பிளேட்டு எப்புடிச் சுத்தும்?" என்றேன்.

"இன்வெர்ட்டர் எதுக்குங்க அத்தெ இருக்குது?" என்றாள்.

அடுத்த புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. ஒவ்வொரு வீடாக அடங்கி, தெரு ஓய்ந்தது. எங்கோ ஒரு குழந்தை அழுவதும், காவிரிப் பாலத்தில் போகிற பஸ்ஸின் ஹாரனும் கேட்டன. ஃபேனையும் நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து பாட்டை மறுபடி ஏற்றினோம். இந்தத் தரம் தறி இல்லை. நான் மட்டும் இருந்தேன்.

தறிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தேன். முனகிக்கொண்டே மிஷினை மாட்டிக்கொண்டார். ஜெயப்பிரியா போனைத் தட்டினாள்.

எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. பாட்டு அவர் காதுக்குள் மட்டும் ஓடியது. எண்ணெய்க் கை அப்படியே மடியில் கிடந்தது. மூன்றரை நிமிஷமும் நான் அவர் முகத்தையே பார்த்திருந்தேன். பெண் பார்க்க வந்த அன்றுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

"நல்லாப் பாடியிருக்குது அந்தப் புள்ள" என்றார்.

"அந்தப் புள்ள நாந்தானுங்க" என்றேன். கத்த மறந்துபோய்ச் சாதாரணமாகத்தான் சொன்னேன்.

என் குரல் கேட்டு அவர் வெடுக்கென்று திரும்பினார்.

"இன்னொருக்கா போடட்டுங்களா மாமா?" என்று ஜெயப்பிரியா கேட்டாள்.

"இருக்கட்டும் சாமி. பாட்டு எங்க ஓடியா போயிரும்? இவ பேசட்டும்."

"என்னத்தைப் பேசறது? என்ற கொரலு தகரமாட்ட ஆயிப்போச்சுங்க" என்றேன்.

"ஆமா, தகரந்தான்" என்றார். ஒரு பேச்சுக்காவது இல்லையென்று சொல்லக்கூடாதா மனுஷன்! பிறகு சொன்னார்: "எம்பட தறியில அடிவாங்குன தகரந்தான? பேசு புள்ள."

பேசினேன். மகன் கல்யாணத்தில் என் அண்ணனை இவர் சரியாக வரவேற்காததில் ஆரம்பித்து, வரிசையாக எல்லாவற்றையும் எடுத்தேன். ஒன்றையும் விடாமல் பதில் சொன்னார். சாப்பாடு ஆறியது. ஜெயப்பிரியா சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள். அன்று சாயங்காலம் வரை எங்களுக்குச் சண்டைதான். இத்தனை சந்தோஷமாக நான் எப்போதும் சண்டை போட்டதில்லை.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. பூபதியின் தறி முதலில் எழுந்தது, பிறகு தெரு முழுக்க. அவர் முகம் சுருங்கியது. கை காதுக்குப் போனது. நான் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டேன்.

மிஷினைக் கழற்றாமலே கையை எடுத்துக்கொண்டு அவர் எழுந்தார். தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தப் பார்த்தார். நான் வந்த நாள்முதல் யாரும் அதைச் சாத்தியதில்லை. துருப்பிடித்த கொக்கியோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டி, ஒருவழியாக மாட்டிவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"என்ன சொல்லீட்டிருந்த?" என்றார்.