டக்டக்குக்கு இடமில்லை

ஆபீசில் அவனுக்கு வாச்மேன் என்று பெயர். காக்கி உடுப்போடு கேட்டில் நிற்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஏசி ரூமில் நாற்காலியில் சாய்ந்தபடி, இணையதளங்களுக்குள் நுழைவது மனுஷனா, மனுஷன் மாதிரி நடிக்கிற புரோகிராமா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பான். புரோக்கர்கள் ஏவிவிடும் அந்தப் புரோகிராம்கள், முன்பதிவு திறந்த நொடியே எல்லா இடத்தையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விடும். அவற்றை வாசலோடு திருப்பி அனுப்புவதுதான் வேலை.

"மனுஷன்னா தடுமாறணும்" என்பது அவன் கட்சி. மனுஷன் கையிலிருக்கும் மவுஸ் கோணல்மாணலாகப் போகும். சொந்தப் பேரையே தப்பாக அடித்து அழிப்பான். சரளமாக வந்து சரளமாகப் போனால் அது மனுஷ ஜாதியே இல்லை. அப்படி மாட்டியதிடம் 'உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன்' என்று சொல்லவும் கூடாது. சொன்னால் நாளைக்கு வேறு வேஷம் போட்டு வரும். அதனால் 'மன்னிக்கவும், இன்று இடமில்லை' என்று மரியாதையாகச் சொல்லி அனுப்ப வேண்டும். அந்த வாக்கியம் அவன் கைப்பட எழுதியது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அவன் மனைவி கோர்ட்டில் டைப்பிஸ்ட். வக்கீல் மூச்சு விடுவதற்குள் அவர் சொன்னதை அடித்து முடித்திருப்பாள். வேகத்தைவிட அந்தச் சீர்தான் அழகு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நல்ல மழை ஓட்டில் பெய்கிற மாதிரி இருக்கும். மவுஸைத் தொடவே மாட்டாள். "கீபோர்டை விட்டுக் கையை எடுக்கிறது சோம்பேறி வேலை" என்பாள்.

அந்த மாதம் அவள் மனசெல்லாம் அக்காவிடம் இருந்தது. அக்காவுக்குக் குறைமாதத்தில் பெண் பிறந்து, குழந்தை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. அத்தானுக்குக் கப்பலில் வேலை; கரை சேர இன்னும் நாளாகும். அக்கா தனியாக அந்தப் பெட்டிக்குக் காவல் இருந்தாள். வேறு யாராவது பார்க்க வேண்டுமென்றால் ஆஸ்பத்திரி இணையதளத்தில் காலையில் பதிவு செய்ய வேண்டும். இவளும் நாள் தவறாமல் முயன்றாள். இடம் கிடைக்கவே இல்லை.

சாப்பிடும்போது இரண்டு பேரும் அவரவர் கதையைச் சொல்வார்கள்.

"அக்கா போன்ல அழறாங்க. பக்கத்துக் கட்டில்காரங்களுக்கெல்லாம் ஆள் வருதாம். எனக்கு மட்டும் எப்பவும் இடமில்லைன்னே வருது."

"எல்லாரும் ஒரே நேரத்துல மோதுறாங்கல்ல, அப்படித்தான் இருக்கும்" என்பான் அவன், சாதத்தைப் பிசைந்தபடி. அதை முழுசாகக் காதில் போட்டுக்கொண்டால்தானே! "இங்க ஒருத்தன் தினமும் காலையில வர்றான் பாரு. கில்லாடி. மவுஸே கிடையாது. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இம்மி வித்தியாசம் இருக்காது. டக்டக்னு பேரு வச்சிருக்கேன். இன்னிக்கும் துரத்திட்டேன்."

"நல்லா துரத்துங்க. அந்த மாதிரி ஆளுங்களாலதான் எங்களுக்குக் கிடைக்க மாட்டேங்குது" என்றாள் அவள்.

அவன் நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்கள் ஏராளம். திரையில் எல்லாருக்கும் வெறும் எண்தான். எது வங்கி, எது ஆஸ்பத்திரி என்று அவனுக்குத் தெரியாது.

ஒரு நாள் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. குழாய் ரிப்பேர் செய்கிறவர் வரும்வரை வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாக ஆபீசுக்குச் சொல்லிவிட்டான். மேஜையின் இந்தப் பக்கம் அவன் லேப்டாப், அந்தப் பக்கம் அவள் லேப்டாப். நடுவில் இரண்டு காபி.

திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. "வந்துட்டான்யா என் டக்டக்!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

எதிரே டக் டக் டக் என்று அவள் அடித்துக்கொண்டிருந்தாள்.

டக் என்றால் திரையில் ஒரு புள்ளி. டக் என்றால் இன்னொரு புள்ளி. அவள் நிறுத்தினாள், புள்ளியும் நின்றது. கடைசியாக ஒரு டக். அவன் திரையில் 'திருப்பி அனுப்பப்பட்டது' என்று சிவப்பாக வந்தது.

"இன்னிக்கும் இடமில்லையாம்" என்றாள் அவள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

வாச்மேன் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருஷம் பக்கத்திலேயே கேட்ட சத்தம். தூக்கக் கலக்கத்தில்கூட அது இவள்தான் என்று சொல்லிவிடுவான். அதைப் போய் எண்ணாகப் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை!

"இடம் இருக்கும்மா" என்றான். "தினமும் இருந்திருக்கு. இல்லைன்னு சொன்னது நான்தான்."

நடந்ததையெல்லாம் விளக்கிச் சொன்னான். அவள் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"என்னைப் பார்த்தா மனுஷி மாதிரி தெரியலையா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"தப்பில்லாம அடிக்கிறியே!"

"தப்பில்லாம அடிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

அவன் அப்போதே மேலதிகாரிக்குப் போன் போட்டான். "சார், டக்டக் என் பொண்டாட்டி சார்." அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பு குழாய் சத்தத்தையும் மீறிக் கேட்டது. சிரித்து ஓய்ந்ததும் அவர் சம்மதித்தார்: இனிமேல் சந்தேகம் வந்தால் பொய் சொல்ல வேண்டாம், நேராகக் கேட்டுவிடலாம்.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல அடித்தாள். 'நீங்கள் மனிதர்தானா?' என்று ஒரு கட்டம் வந்தது.

"ஆமான்னு ஒரு கிளிக் பண்ணு" என்று அவன் மவுஸை அவள் பக்கம் நகர்த்தினான். அதை அவள் பல்லி மேல் கை வைக்கிற மாதிரி தொட்டாள். முதல் தடவை கட்டத்துக்கு வெளியே அழுத்தினாள். இரண்டாம் தடவையும் தவறிப்போனது. அவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். மூன்றாம் தடவை இடம் கிடைத்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். "என் விரலைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்லைங்க. இத்தனூண்டு கை, அதுல என்ன பலம்!" சொல்லச் சொல்ல அவள் கண் நிறைந்தது. அவனுக்கும்தான்.

"அக்கா என்ன சொன்னாங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"இத்தனை நாளா ஏன்டி வரலைன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இடம் கிடைக்கலக்கான்னு சொன்னேன்" என்றாள் அவள். "உங்களைக் காட்டிக் குடுப்பேனா?"